தலைமைப் பண்பும் ஹால் சாவியும்

காலை ஒன்பதரை மணி, நாற்பத்தாறு பேர், அருளாயி. இந்த மூன்றையும் என்னால் மறக்க முடியாது சார். மே மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை. நான் ஹாலுக்குள் நுழைகிறேன். நாற்பத்தைந்து பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறார். கையில் விளக்குமாறு.

விளக்குமாறு சார். தலைமைப் பண்புப் பயிற்சிக்கு வந்தவர் கையில்.

கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள், பை இடிக்கிறது. பொன்னமராவதிதானே? நானும் அங்கேதான் போகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சொல்லிவிடலாம். நீங்கள் இதைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. கழுத்தில் இவ்வளவு பெரிய சாவி தொங்கினால் யாராக இருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள். அதற்கு வருகிறேன். எதையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். அது என் தொழில்.

பெயர் தியாகேசன். தலைமைத்துவப் பயிற்சியாளர். கார்டு தருகிறேன், இறங்கும்போது ஞாபகப்படுத்துங்கள். நீங்கள் என்ன வேலை? கால்நடை மருத்துவமனையா? நல்லது. அங்கேயும் தலைமை தேவைப்படும்.

நான் ஒன்பது வருடம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவன். அதில் கடைசி நான்கு வருடம், விற்கப் போகிற பையன்களுக்கு எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கம்பெனி புதுக்கோட்டைக் கிளையை மூடியது. நான் ஒரு கோட்டு தைத்தேன், கார்டு அடித்தேன், பயிற்சியாளர் ஆனேன். பதினான்கு மாதத்தில் இரண்டு பயிற்சி. ஒன்று, கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிறவர்களுக்கு. இன்னொன்று, லாரி புக்கிங் ஆபீஸ்காரர்களுக்கு. அவர்கள் தூங்கிவிட்டார்கள். அது அவர்களுடைய தலைமைக் குறைபாடு.

என் மனைவியின் அண்ணன் சோலையப்பன் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் என்னைப் பார்த்து, நான்கு பேர் கேட்கும்படி, "மாப்ளே, ஆணி நிறுக்க ஒரு ஆளு வேணும். கோட்டைக் கழட்டிட்டு வந்தாப் போதும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தில்தான் சார் நான் உயிர் வாழ்ந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறக்கட்டளை கூப்பிட்டது. பெயர் வேண்டாம். அவர்கள் ஆட்கள் இந்த பஸ்ஸிலேயே இருக்கலாம். மாவட்டம் முழுக்க பாலர் பள்ளி நடத்துகிறார்கள். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள். பன்னிரண்டு வட்டாரம். செயலாளர் லோகாம்பாள் அம்மா, தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமல் பேசுவார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் ஸ்டாம்பு ஒட்டவேண்டியிருக்கும் என்பதுபோலப் பேசுவார்.

"மூணு நாள் நடத்துங்க. முடிஞ்சதும் நாப்பத்தாறு பேரையும் ஒண்ணு ரெண்டுன்னு வரிசைப்படுத்தி ஒரு அறிக்கை குடுங்க. வட்டாரத்துக்கு ஒரு தலைமை ஆசிரியை போடப்போறோம். இது சரியா வந்தா மத்த பதினோரு வட்டாரமும் உங்களுக்குத்தான்."

பதினொன்று சார். நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி கோட்டை எடுத்து இஸ்திரி போட்டாள். பதினொரு வட்டாரம் கிடைத்தால் நான் பயிற்சியாளர். கிடைக்காவிட்டால் ஆணி. அவ்வளவுதான் கணக்கு.

இப்போது விளக்குமாற்றுக்கு வருகிறேன். நான் மேடையில் ஏறி, மைக்கைத் தட்டி, முதல் வாக்கியமே அதைப் பற்றித்தான் சொன்னேன். "தலைவர் பெருக்க மாட்டார். பெருக்க வைப்பார்." நோட்டில் எழுதி வைத்த வாக்கியம் இல்லை, அந்த நேரத்தில் தானாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அருளாயியும் விளக்குமாற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது இருக்கும். கறுப்பு, குள்ளம், காதில் சின்னத் தோடு. "சரிங்க சார். நேத்து இங்க கல்யாணம் நடந்திருக்கு. தரையெல்லாம் குண்டூசி கிடக்குது, அதான்" என்று சொல்லிவிட்டு, பெருக்குவதை நிறுத்தி, குனிந்து கையால் பொறுக்க ஆரம்பித்தார். நான் சொன்னதைப் பாதிதான் புரிந்துகொண்டார் என்று நோட்டில் எழுதினேன்.

அவர்கள் எல்லோருமே ஒரு மாதிரிதான். நாற்காலிகளை மேடையைப் பார்த்துப் போட்டிருந்தேன். டீக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் எல்லா நாற்காலியும் கோணலாகத் திரும்பியிருக்கிறது. பாதி முகம் எனக்கு, பாதி முகம் கதவுக்கு.

"ஏம்மா இப்படி?"

"கதவு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும் சார். இல்லைன்னா மனசு நிக்காது."

"பிள்ளைகளே இங்கே இல்லையே. லீவுதானே?"

"இல்லைதான் சார். பழகிப்போச்சு."

டீக்கேன் மேசை ஓரத்தில் இருந்தது. யாரோ நடுவில் தள்ளி வைத்தார்கள். தாழ்வாக இருந்த பிளக் பாயின்டில் காகிதம் ஒட்டினார்கள். ஒவ்வொரு இடைவேளை முடிந்ததும் ஒருவர் எழுந்து தலை எண்ணினார். ஒன்று, இரண்டு என்று நாற்பத்தாறு வரை. பெரிய மனுஷிகள் சார், பேரப்பிள்ளை எடுத்தவர்கள் கூட இருந்தார்கள். "தேவையற்ற பதற்றம்" என்று எழுதினேன். இதையெல்லாம் தொடங்கி வைப்பது யார் என்று கவனித்தேன். எல்லாவற்றிலும் அருளாயி. யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டார். தான் செய்வார், உடனே பக்கத்தில் இருப்பவரும் செய்வார். கட்டளை இடத் தெரியவில்லை என்று அதையும் எழுதினேன்.

அறிமுகச் சுற்றில், "உங்கள் வாழ்க்கையில் ஒரு தலைமைத் தருணம் சொல்லுங்கள்" என்று கேட்டேன். இந்துமதி என்று ஒரு ஆசிரியை, நல்ல படிப்பு, எழுந்து, "என் பள்ளியை உலகத் தரத்துக்கு உயர்த்துவது என் தொலைநோக்கு" என்றார். அப்படியே மனம் குளிர்ந்தது. ஒன்றாம் இடம் இவருக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மற்றவர்கள்? "பதினாறு வருஷமாச்சு சார், ஒரு பிள்ளையும் தொலையலை." "எங்க பள்ளியில யாரும் இன்னும் கீழ விழுந்து மண்டையை உடைச்சுக்கலை சார்." இதெல்லாம் ஒரு தருணமா?

அருளாயி முறை வந்தது. அவர் யோசித்தார்.

"புதுசா சேர்ந்த பிள்ளை அழும்ல சார். அம்மா விட்டுட்டுப் போனதும் கத்தும், உதைக்கும், சோறு திங்காது. அப்ப நான் கையில ஒரு சாவியைக் குடுப்பேன். 'இது நம்ம பள்ளிக்கூடத்துச் சாவி. யாருகிட்டயும் குடுக்க முடியாது, தொலைச்சுடுவாங்க. உன்னை நம்பித்தான் குடுக்குறேன், நீதான் பத்திரமா வச்சிருக்கணும்'னு சொல்லுவேன். அழுகை நின்னுடும். பிறகு பாருங்க, கதவுகிட்டயே உக்காந்து காவல் காக்கும்."

"எந்தச் சாவி அம்மா?"

"எதோ ஒண்ணு சார். பூட்டு எப்பவோ தொலைஞ்சு போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லாப் பள்ளியிலும் இந்த வழக்கம் இருக்கிறதாம். இது ஏமாற்று வேலை, தலைமை இல்லை என்று நான் விளக்கினேன். பொறுப்பை ஒப்படைப்பது என்றால் உண்மையான பொறுப்பை உண்மையான ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றேன். "ஆமாங்க சார்" என்றார். பத்துக்கு இரண்டு போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.

அறுபத்து நான்கு படம் வைத்திருந்தேன் சார், திரையில் காட்ட. சிங்கம், கழுகு, மலை உச்சியில் ஒரு மனிதன். எல்லாம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஆள் வரவில்லை. மைக்கும் இல்லை. நான் கோபப்படவில்லை. சிலர் அப்படிச் சொல்லலாம். மேசையைத் தட்டினேன். இரண்டு முறை, மூன்று முறை தட்டியிருப்பேன். காலையும் கொஞ்சம் உதைத்தேன் என்று நினைக்கிறேன். உணர்ச்சியை உறுதியாக வெளிப்படுத்துவதும் தலைமையில் ஒரு பகுதிதான். ஆச்சரியம் என்னவென்றால், நான் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவர்கள் சத்தத்தைக் குறைத்தார்கள். கடைசியில் நாற்பத்தாறு பேரும் ரகசியம் பேசுவதுபோலப் பேசினார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காக நானே சத்தத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

சரி, படம் இல்லாவிட்டால் செயல்முறை என்று முடிவு செய்தேன். என்னிடம் ஒரு சோதனை உண்டு. முன்னால் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் சோதனை இல்லை. நான் திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வேன். யார் பாய்ந்து வந்து பிடிக்கிறார்களோ அவரே பிறவித் தலைவர். மெஷின் விற்ற பையன்களிடம் செய்தபோது நான்கு பேர் பாய்ந்து வந்தார்கள். இங்கே நாற்பத்தாறு பேர், எல்லோரும் பிள்ளை பிடித்துப் பழகிய கைகள். பயமே இல்லை.

மேடையிலிருந்து இறங்கி, அவர்கள் நடுவில் வந்து நின்று, "ஆ!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, சாய்ந்தேன்.

யாரும் பிடிக்கவில்லை சார்.

மொசைக் தரை. முதுகெலும்பின் அடிநுனி இருக்கிறதே, அங்கே விழுந்த அடி. இன்றைக்கும் பஸ் குழியில் இறங்கினால் தெரியும். கண்ணைத் திறந்து பார்க்கிறேன். நாற்பத்தாறு பேரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். ஒருவர் ஜன்னலைப் பார்க்கிறார். ஒருவர் சேலைத் தலைப்பை மடிக்கிறார். இரண்டு பேர் மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள். நான் தரையில் கிடக்கிறேன். ஒருவரும் திரும்பவில்லை.

நானாகத்தான் எழுந்தேன். "மனிதாபிமானம் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

பின்வரிசையிலிருந்த செபஸ்தியம்மாள் என்ற ஆசிரியைதான் வாயைத் திறந்தார். "ஐயையோ, தப்பா எடுத்துக்காதீங்க சார். அடம் பிடிச்சு கீழ விழுந்து புரள்ற பிள்ளையைப் பாக்கவே கூடாது. பாத்தா இன்னும் புரளும். பாக்கலைன்னா ரெண்டு நிமிஷத்துல தானா எந்திரிச்சிடும். முகம் தானா அந்தப் பக்கம் திரும்பிருச்சு சார்."

"நான் பிள்ளையா?"

அருளாயி வந்து என் கோட்டின் பின்புறத் தூசியைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டு, அடி பட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்று பொதுவாக ஹாலைப் பார்த்துச் சொன்னார்.

நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூலையில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சிந்திப்பதற்காக. தலைவர்கள் தனிமையில் சிந்திப்பது வழக்கம். கண்ணை மூடினால் சோலையப்பன் தெரிந்தார். தராசு தெரிந்தது. இரண்டரை அங்குல ஆணி ஒரு பக்கம், எடைக்கல் ஒரு பக்கம். பதினொரு வட்டாரமும் போய்விட்டது என்று நினைத்தேன்.

அருளாயி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு தட்டை என் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து தன் தட்டில் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குச் சொல்லவில்லை, சும்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "இன்னைக்கு அப்பளம் நல்லா மொறுமொறுன்னு இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "உருளைக்கிழங்கு தீரப் போகுது போல."

எனக்கும் பசிக்கும் அல்லவா சார். சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும், "அடேங்கப்பா, தட்டு காலி" என்றார். அது மரியாதை தெரிந்த பேச்சு. அதையும் எழுதியிருக்கிறேன். நான் ஒருதலைப்பட்சமான ஆள் இல்லை.

அப்புறம்தான் சார் அந்த விஷயம் நடந்தது. கைப்பையைத் திறந்து இந்தச் சாவியை எடுத்தார். பித்தளை. கனத்தைப் பாருங்கள், கையில் வாங்கிப் பாருங்கள். இல்லை, வேண்டாம், கழற்றக் கூடாது. பார்த்தால் போதும்.

"சார், இந்த ஹால் சாவி. எங்கள்ல யாருகிட்ட இருந்தாலும் தொலைச்சுடுவோம். உங்களை நம்பித்தான் குடுக்குறோம். நீங்கதான் பத்திரமா வச்சிருக்கணும்."

நாற்பத்தாறு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை முகத்திலும் ஒரு கனிவு. நான் எழுந்து நின்றேன். பையில் போடப் போனேன். "பையில போட்டா விழுந்துடும் சார்" என்று ரிப்பனில் கோத்து அவரே கழுத்தில் மாட்டிவிட்டார். பதினான்கு மாதமாக நான் தலைமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மதியம்தான் முதல்முறையாக ஒரு கூட்டம் தானாக முன்வந்து தலைமையை என்னிடம் ஒப்படைத்தது. எனக்கு இருந்த பெருமையை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் பொறுப்பாகத்தான் இருப்பேன். நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள், அதற்கு மறுநாள். கதவைவிட்டு நகரவில்லை. யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள், எல்லாம் என் கண்ணில். டீ கொண்டுவருகிற ஆள் கூட என்னைக் கேட்டுத்தான் நுழைந்தான்.

பயிற்சி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். நடந்தது சார், அது பாட்டுக்கு நடந்தது. நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவிலிருந்து கேட்டவரைக்கும் வெறும் வம்பு. செபஸ்தியம்மாள் பள்ளியில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன், சேர்ந்து எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டில் பேசுகிறானாம். அருளாயி வழி சொன்னாரா? சொல்லவில்லை. திருப்பிக் கேள்வி கேட்டார். "அவன் யாரைப் பார்ப்பான்?" "யாரையும் பாக்க மாட்டான்க்கா." "எதைப் பார்ப்பான்?" செபஸ்தியம்மாள் யோசித்து, "வாசல்ல ஒரு குட்டி நாய் வரும், அதை" என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம் நாயைப் பற்றியே பேச்சு. நாயை எங்கே கட்டலாம், அதற்குச் சோறு வைக்கிற வேலையை யாருக்குக் கொடுக்கலாம், பெயர் வைக்கச் சொல்லி யாரைக் கேட்கலாம். செபஸ்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நானும் எழுதினேன்: "நேர நிர்வாகம் பூஜ்யம். நாய் குறித்து நாற்பத்தைந்து நிமிடம்."

இன்னொருவர், பிள்ளையைக் கூட்டிப்போக அப்பா குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அதற்கும் ஒரு மணி நேரம். ஒருவர் அப்பாவாக நடித்தார், தள்ளாடித் தள்ளாடி. ஒருவர் ஆசிரியையாக நின்றார். அருளாயி நடுநடுவே, "குரலை ஒசத்தாதே. பிள்ளையை உன் பின்னால விடு. அவரை உக்காரச் சொல்லி முதல்ல தண்ணி குடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாடகம் மாதிரி எல்லோரும் மாற்றி மாற்றிச் செய்தார்கள். இந்துமதி மட்டும் தனியாக உட்கார்ந்து தொலைநோக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் அவரும் எழுந்துபோய் ஒரு முறை அப்பாவாகத் தள்ளாடினார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அரை மதிப்பெண் குறைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் லோகாம்பாள் அம்மா பார்வையிட வந்தார். என்னைக் கதவருகே பார்த்ததும் நின்றார்.

"நீங்க வெளியில இருக்கீங்க?"

"தலைவர் இல்லாமலே வேலை நடப்பதுதான் தலைமையின் வெற்றி அம்மா" என்றேன். இதுவும் தானாக வந்ததுதான்.

"ஓ." கழுத்தைப் பார்த்தார். "இது?"

"ஹால் சாவி. பொறுப்பு என்னிடம்."

அவர் கதவைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். உள்ளே அருளாயியைப் பார்த்தார். அருளாயி குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வெகு நேரம் தோள் குலுங்கியது. வயசானவர்களுக்கு மே மாதத் தூசி ஆகாது.

அவர் பார்த்ததால்தான் நானும் கவனித்தேன். அந்தக் கதவில் பூட்டே இல்லை சார். வெறும் தாழ்ப்பாள். இது பெரிய நிர்வாகக் குறை. அறிக்கையில் ஏழாவது பரிந்துரையாகவே எழுதிவிட்டேன்: "சாவிக்குப் பொருத்தமான பூட்டு ஒன்று உடனே வாங்கப்பட வேண்டும்."

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் கருத்துப் படிவம் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பத்தாறும் என்னிடம் இருக்கிறது, பையில்தான் வைத்திருக்கிறேன். பாருங்கள், எல்லாவற்றிலும் மேலே ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கிறார்கள். "முதல் நாளைவிட மூன்றாம் நாள் நல்ல முன்னேற்றம்." "இப்போது எல்லோருடனும் பழகுகிறார்." "சாப்பாடு முழுவதும் சாப்பிட்டார்." "கதவை விட்டு எங்கும் ஓடவில்லை." எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள்! புக்கிங் ஆபீஸ்காரர்கள் என் பெயரையே தப்பாக எழுதினார்கள்.

அறிக்கையை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். என் மனைவிதான் படித்துப் பார்த்து எழுத்துப் பிழை திருத்தினாள். இந்துமதி ஒன்றாம் இடம். அருளாயி நாற்பத்தாறாம் இடம். காரணம் சொல்லாமல் ஒரு ஆளைக் கடைசியில் போடக்கூடாது அல்லவா? அதனால் நான்கு பக்கம் ஆதாரத்தோடு எழுதினேன். குண்டூசி பொறுக்கியது, டீக்கேனை நகர்த்தியது, தலை எண்ணியது, கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னது, நாய், குடிகார அப்பா, எல்லாம் தேதி, நேரம் போட்டு. "இவர் எந்த இடத்திலும் தன்னை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. இவர் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் தாங்களாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுவதால், இவர் தலைமை ஏற்கவேண்டிய அவசியமே எழவில்லை" என்று முடித்தேன். மனைவி அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தாள். "இந்தம்மாவையா கடைசியில போட்டிருக்கீங்க?" என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன்.

ஜூலை இரண்டாம் தேதி கூப்பிட்டு அனுப்பினார்கள். கோட்டு போட்டுக்கொண்டு போனேன். அறையில் லோகாம்பாள் அம்மா, எதிரே அருளாயி. மேசை மேல் என் அறிக்கை.

"அருளாயியைத் தலைமை ஆசிரியையாப் போட்டாச்சு. உங்க அறிக்கை ரொம்ப உதவியா இருந்துச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியலைக் கீழிருந்து படித்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னேன். "அம்மா, ஒன்றாம் இடம் மேலே இருக்கிறது."

"மேலயும் பாத்தோம். அங்க நாலு வரிதான் இருந்துச்சு."

அப்புறம் சொன்னார். "மத்த பதினோரு வட்டாரத்துக்கும் அருளாயியே பயிற்சி நடத்தட்டும்னு முடிவு பண்ணியிருக்கோம்."

பதினொன்றும் சார். ஒன்றே ஒன்று கூட இல்லை. காதில் தராசுத் தட்டு 'டங்' என்று விழுகிற சத்தம் கேட்டது. எழுந்தேன். நான் அழவில்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, காற்று நேராகக் கண்ணில் பட்டது. மேசையைத் தட்டவும் இல்லை. கையை ஓங்கினேன், அவ்வளவுதான். லோகாம்பாள் அம்மா தன் தண்ணீர் டம்ளரை மெதுவாக நடுவில் தள்ளி வைத்தார். அவரும் பழகிவிட்டார்.

அருளாயிதான் பேசினார். என்னைப் பார்த்து இல்லை, அம்மாவைப் பார்த்து.

"அம்மா, பதினோரு ஊரு, பதினோரு ஹாலு. சாவியை யாரு பாத்துக்குவா? சார் இல்லாம எப்படி? எங்களை நம்பி ஆகுமா?"

அம்மாவுக்கு மறுபடி இருமல்.

நான் உட்கார்ந்தேன். பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. "பயிற்சி அரங்கப் பொறுப்பாளர்" என்று என் பெயருக்குக் கீழே அச்சடித்த ஆர்டரே கொடுத்தார்கள். வீட்டில் காட்டினேன். சோலையப்பனிடமும் காட்டினேன். அவர் சாவியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பூட்டெல்லாம் இப்ப வர்றதே இல்லையே மாப்ளே" என்றார். இரும்புக்கடைக்காரருக்கு இரும்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். என் மனைவி இந்த முறை அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. ரிப்பன் அழுக்காகியிருந்தது, துவைத்துப் போட்டாள்.

இப்போது நாளைப் பயிற்சிக்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் நாளே போய்விடுவேன். ஜெனரேட்டர் ஆளை நேரில் பார்த்து டீசல் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். நாற்காலியை வட்டமாகப் போடுவேன், கதவு தெரிகிற மாதிரி. பிளக் பாயின்டில் காகிதம் ஒட்டுவேன். டீக்கேன் மேசை நடுவில். பெருக்கவும் செய்கிறேன். அது வேறு. அது மேற்பார்வை.

செபஸ்தியம்மாளும் அருளாயிக்கு உதவியாக வருகிறார். அந்தப் பையன் நாய்க்கு என்னவோ பெயர் வைத்துவிட்டானாம், அதை எல்லா ஊரிலும் சொல்கிறார். இன்னும் நாய்தான்.

மனக்குறை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பட்டியலைக் கீழிருந்து படித்ததை அவர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யாரிடம் எதை நம்பி ஒப்படைப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நான் கற்றுக்கொடுத்ததுதான், முதல் நாள், பத்தரை மணி சுமாருக்கு.

பொன்னமராவதி வந்துவிட்டது. கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஊர் எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஜூலை மாதம் இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு மணமேல்குடி வட்டாரப் பயிற்சி தொடங்கியது. நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பயிற்சியாளர் ச. அருளாயி. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. சாவி என்னிடம் இருந்தது.